வாசலைப் பார்த்து உட்கார்ந்தவள்

“அம்மா, சங்கு உன்னையத் தேடித்தான் ஊதுதா?”

மாரீஸ்வரி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. கையில் பாதி முறுக்கு. கேட்டுவிட்டு, பதிலுக்காக அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சண்முகத்தாயோ அரிசிப் பானைக்கும் சுவருக்கும் இடையில் முடங்கி, காதுகளைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மில் சங்கு ஊதி ஓய்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது. கைகள்தாம் காதைவிட்டு இறங்க மறுத்தன.

‘இல்லத்தா, அது எல்லாருக்கும்தான் ஊதுது’ என்று சொல்ல வாயெடுத்தாள். சொல் வரவில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மீதி முறுக்கை அம்மாவின் மடியில் வைத்துவிட்டுத் தெருவுக்கு விளையாடப் போய்விட்டது.

ராஜபாளையத்தில் மில் சங்குக்குப் பயப்படுகிறவர்கள் யாரும் இல்லை. முதல் சங்குக்கு உலை வைப்பார்கள். அடுத்த சங்குக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவார்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூட, “மத்தியானச் சங்கு ஊதுன பொறவு வாங்க” என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். சண்முகத்தாயும் அப்படி வளர்ந்தவள்தான். எண்பத்தாறாம் வருஷக் கோடையில் அவள் வேலை பார்த்த மில்லில் பஞ்சு குடோன் பற்றி எரிந்தது. அதன் பிறகுதான் எல்லாம் மாறியது.

அவளுக்குக் கோன் வைண்டிங்கில் வேலை. வரிசையாகச் சுழலும் கதிர்களின் முன்னால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே நூல் அறுகிறதோ அங்கே இரண்டு நுனியையும் எடுத்து முடிச்சுப் போட்டு மறுபடி ஓடவிட வேண்டும். பக்கத்து மிஷினில் கருத்தம்மாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள். அன்று நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதியது. தீப்பிடித்ததற்கு ஊதுகிறார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சங்கு என்றால் ஷிப்டு முடிந்தது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

“மொதலாளிக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? முன்னாடியே விடுதாகட்டி!” என்று கருத்தம்மாள் சிரித்தாள். எல்லோரும் சாவகாசமாகத் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினார்கள், முந்தானையை உதறினார்கள், தூக்குச்சட்டியைத் தேடினார்கள். சங்கு நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தது. புகை உள்ளே வந்த பிறகுதான் ஓடினார்கள். அந்தப் புகையில் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சண்முகத்தாய் கருத்தம்மாளின் கையைப் பிடித்திருந்தாள். கூட்டம் நெருக்கித் தள்ளியது. வெளியே வந்து விழுந்தபோது அவள் கையில் அந்தக் கை இல்லை. கருத்தம்மாள் வெளியே வரவே இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு சங்குக்கும் அவள் மறுபடி அந்தப் புகைக்குள் போய் வந்தாள்.

தெருவே அவள்மீது இரக்கமாக இருந்தது. அவளைத் தினமும் கொன்றதும் அந்த இரக்கம்தான். சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால் எதிர்வீட்டுத் தங்கபாய் அடுப்பில் இருக்கிறதை இறக்கி வைத்துவிட்டு ஓடிவருவாள். “ஏட்டி சண்முகம், ஊதப் போகுது! காதைப் பொத்திக்க!” பலசரக்குக் கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டு, “தாயி, இப்ப ஊதிருவான், உள்ள போயி உக்காருங்க” என்பார். அவள் புருஷன் தவசிமுத்து வீட்டில் இருந்தால் கடிகாரத்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். “இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு. பயப்படாத. இன்னும் மூணு நிமிசம்...” என்று சொல்லிக்கொண்டே அவள் தோளைத் தடவுவான். சங்கு ஊதுவது என்னவோ ஒரு மூச்சு நேரம்தான். அதற்குக் காத்திருக்கும் நேரம் நாள் முழுக்க நீண்டது.

பிள்ளையின் கேள்வி அவளைச் சுட்டது. சங்கு அம்மாவைத் தேடுகிறது என்றால் அம்மா இருக்கும் வீட்டுக்குத்தானே அது வரும்? அப்படிப் பிள்ளை நினைத்து நினைத்துப் பயந்து வளர வேண்டாம் என்று, ஒரு நாள் துணிப்பையோடு பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அக்காள் செல்லத்தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த மில் சங்கு அங்கே கேட்காது.

செல்லத்தாய் வீடு ஒற்றை அறை. பாய் விரித்தால் நடக்க இடம் இருக்காது. ஆனாலும் அக்காள் சொன்னாள்: “மாரியையும் கூட்டிக்கிட்டு வாட்டி. இருக்குற இடத்துல நெருக்கிப் படுப்போம்.” சண்முகத்தாய் மறுத்துவிட்டாள். பிள்ளையையும் இங்கே கொண்டுவந்துவிட்டால், திரும்பிப் போக ஒரு காரணமே இல்லாமல் போய்விடும் என்று பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தவசிமுத்து மகளைக் கூட்டிக்கொண்டு வருவான். காலையிலிருந்தே சண்முகத்தாய்க்கு வேலை ஓடாது. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் தெருமுனையைப் பார்ப்பாள். மாரீஸ்வரி வந்ததும் முதல் காரியமாக அவள் பின்னலை அவிழ்ப்பாள். தங்கபாய் நன்றாகத்தான் பின்னி அனுப்பியிருப்பாள், ரிப்பன்கூடக் கலையாமல் இருக்கும். என்றாலும் அவிழ்த்து, எண்ணெய் தேய்த்து, சிக்கே இல்லாத முடியில் சிக்கெடுத்து, முடிந்தவரை மெதுவாகப் பின்னுவாள்.

“சீக்கிரம்மா, கழுத்து வலிக்குது.”

“செத்த இரு, கண்ணு. இந்தா முடிஞ்சிருச்சு.”

ஒரு ஞாயிறு பிள்ளை சிரித்தபோது முன்பல் ஒன்று இல்லை. “விழுந்துருச்சும்மா! தங்கபாய் அத்தை சாணியில வச்சுக் குடுத்தாக. நானே கூரையில எறிஞ்சேன்” என்று பெருமையாகச் சொன்னாள். சண்முகத்தாய் அந்த இடைவெளியை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு, கிணற்றடியில் போய் நின்றுகொண்டாள். ஒரு சின்னப் பல் தன் வீட்டுக் கூரையில் கிடக்கிறது. தான் இங்கே கிடக்கிறோம்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மாதான் அவளைத் தியான வகுப்புக்கு அனுப்பியவர். “மாத்திரை தூங்க வைக்கும்மா. முழிச்சிருக்குறப்ப என்ன செய்யிறதுன்னு அந்த வகுப்பு சாரைக் கேளுங்க” என்றார். ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சோலைராஜ் என்பவர், பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, சாயங்காலம் அரைமணி நேரம் நடத்தினார். சுவரில் அணிலும் ஆடும் இலையும் படமாகத் தொங்கும். வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான்.

“முதுகை நிமித்தி உக்காருங்க. கண்ணை மூடுங்க. மூச்சு வருது, போகுது. அதை மட்டும் கவனிங்க” என்றார் சோலைராஜ் சார்.

சண்முகத்தாய் கண்ணை மூடினாள். மூடிய இமைக்குள் புகைதான் இருந்தது. அலறிக்கொண்டு எழுந்து வெளியே ஓடினாள். முற்றத்துக் குழாயடியில் அவள் நின்றபோது பின்னாலேயே ஒருவர் வந்தார். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய நடுவயதுப் பெண். கையில் சண்முகத்தாயின் செருப்பு.

“செருப்பை விட்டுட்டு ஓடியாந்துட்டே. இங்கன பூரா நெருஞ்சி முள்ளு” என்று செருப்பைக் கீழே போட்டார். “என்னத்தைப் பாத்தேன்னு நான் கேக்க மாட்டேன். நாளைக்கு வா.”

அவர் பெயர் ஆயிஷா பீவி. அவர் வீட்டுக்காரர் பிச்சை முகம்மது பஜாரில் கயிறும் வாளியும் விற்கும் கடை வைத்திருந்தார். சண்முகத்தாய் மறுநாள் போனாள். போனது தியானத்துக்காக என்று சொல்ல முடியாது; செருப்பைக் கொண்டுவந்து போட்ட அந்தக் கைக்காகப் போனாள்.

“கண்ணை மூடுனா என்னட்டி பயம்?” என்று ஆயிஷா பீவி மெல்லக் கேட்டார்.

“வாசல் எங்க இருக்குன்னு தெரியாமப் போயிருதுக்கா. அன்னைக்கும் தெரியலை.”

“அம்புட்டுத்தானே?” ஆயிஷா பீவி எழுந்து, தன் பாயை அப்படியே திருப்பி வாசலைப் பார்க்கப் போட்டார். எல்லோரும் சாரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, ஆயிஷா பீவி மட்டும் சாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். “வாசல் இங்கனதான் இருக்கு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். நீ மூடு.”

“அப்ப நீங்க?”

“எனக்கு என்ன, வீட்டுல போயி மூடிக்கிடுதேன். வாசல் எங்கிட்டும் ஓடிறாது. ஓடுனா நான் போயிப் பிடிச்சாரேன்.”

யாரோ சிரித்தார்கள். சண்முகத்தாய் ஆயிஷா பீவியின் துப்பட்டி நுனி தன் முழங்காலில் படும்படி நகர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடினாள். புகை வந்தது. கண்ணைத் திறந்தாள். வாசலும், வாசலைப் பார்த்து இமைக்காமல் உட்கார்ந்திருந்த அந்த முகமும் அப்படியே இருந்தன. மறுபடி மூடினாள்.

அப்படித்தான் தொடங்கியது. அரைமணியில் பாதி நேரம் திறந்து திறந்து பார்ப்பதிலேயே போகும். மூச்சில் மனம் நிற்காது. மகளிடம் ஓடும், மில்லுக்கு ஓடும், கருத்தம்மாளின் சிரிப்பில் போய் முட்டி நிற்கும். “எனக்கு இது வராது சார்” என்று ஒரு நாள் அழுதுவிட்டாள்.

“நீங்க மில்லுல என்ன வேலை பாத்தீக?” என்று கேட்டார் சார்.

சொன்னாள்.

“நூல் அறுந்தா அதைத் திட்டுவீகளா?”

அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. “அதைத் திட்டி என்ன சார் செய்ய? எடுத்து முடிச்சுப் போட்டு ஓட விடணும். அங்கிட்டு அடுத்தது அறுந்துருக்கும்.”

சார் அவளுக்கு எதிரே நகர்ந்து உட்கார்ந்தார். “மனசையும் அப்படியே செய்யுங்கம்மா. அறுந்தா எடுங்க, போடுங்க. இனிமே நானும் அப்படித்தான் செய்யப் போறேன். எனக்கும் நாலு எண்ணுறதுக்குள்ள அறுந்துதான் போகுது.”

வகுப்பு முடிந்து அவளும் ஆயிஷா பீவியும் திருமுக்குளத்துக் கரை வழியாக நடந்து போவார்கள். ஒரு சாயங்காலம், குளத்துத் தண்ணீரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆயிஷா பீவி சொன்னார்: “எம்மவன் சேக் முகைதீன் தண்ணியிலதாம்மா போனான். அய்யனார் கோவில் ஆத்துக்குச் சேக்காளிகளோட குளிக்கப் போனான். கீழ நல்ல வெயிலு. மேல மலையில மழை. பயலுக கும்மாளம் போட்டுக்கிட்டு இருந்திருக்கானுக, ஒரேயடியா வந்துருச்சு.”

சண்முகத்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அல்லா குடுத்தான், அல்லா எடுத்துக்கிட்டான். அதுல எனக்கு வழக்கு இல்லை. ஆனா ஒண்ணு மட்டும் மனசைவிட்டுப் போக மாட்டேங்குது. ஒரே ஒரு ஆள் மலையைப் பாத்து உக்காந்திருந்தாக்கூட, ‘ஏலே, தண்ணி வருது’ன்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாம். அம்புட்டுப் பேரும் தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்திருக்காக.”

அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கார்த்திகையில் மாரீஸ்வரிக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. சண்முகத்தாய் எதையும் யோசிக்காமல் பஸ் ஏறிவிட்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தன் வீட்டு நிலைப்படியில் கால் வைத்தாள். பிள்ளையை மடியில் போட்டு, நெற்றியில் ஈரத்துணி வைத்து, தன் அடுப்பில் கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். பிள்ளை அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கியது. இப்படியே இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றிய நேரத்தில் தங்கபாயின் தலை வாசலில் தெரிந்தது.

“ஏட்டி சண்முகம், ஊதப் போகுது!”

“இன்னும் அஞ்சு நிமிசம்தான்” என்றான் தவசிமுத்து, அவளைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு. “பயப்படாத. நான் இருக்கேன்ல? இன்னும் நாலு...”

அவளுக்கு நினைவு தெரிந்தபோது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை.

மறுநாள் வகுப்புக்கு முன்னால் ஆயிஷா பீவியிடம் சொல்லி அழுதாள். “காய்ச்சல்ல கிடந்த பிள்ளையைக் கீழ போட்டுட்டு ஓடியாந்துட்டேங்க்கா. அன்னைக்கும் கையை விட்டேன். நேத்தும் விட்டேன்.”

“கீழ போட்டியா, வச்சியா?”

சண்முகத்தாய்க்கு விளங்கவில்லை.

“நல்லா நெனச்சுப் பாருட்டி. போட்டியா, வச்சியா?”

நினைத்துப் பார்த்தாள். சுருட்டி வைத்திருந்த தலையணையைக் காலால் இழுத்தது, பிள்ளையின் தலையை அதில் சாய்த்தது, சுற்றியிருந்த முந்தானையை அதன் விரல்களிலிருந்து மெதுவாக எடுத்தது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. “பாயிலதான்... வச்சேன்.”

“பொறவு என்ன? உசிரு தெறிச்சு ஓடுற அவசரத்துலயும் தலகாணி பாத்து வச்சிருக்கே. அது விடுற கை இல்லை. அந்தக் கருத்தம்மா கையையும் நீ விட்டிருக்க மாட்டே. கூட்டம் பிடுங்கியிருக்கும்.”

இரண்டு வருஷமாக யாரும் சொல்லாத சொல் அது. மில்லில் விசாரணைக்கு வந்தவர்களும், ஆறுதல் சொல்ல வந்தவர்களும், ‘உன் மேல தப்பில்லை’ என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் யாரும் அவள் கையைப் பற்றி விசாரித்ததில்லை. அன்றைக்கு அவள் கண்ணை மூடி உட்கார்ந்தபோது கருத்தம்மாள் வந்தாள். தலையில் பஞ்சைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். சண்முகத்தாய் கண்ணைத் திறக்கவில்லை. அழுதுகொண்டே அவளைப் பார்த்திருந்தாள். பிறகு மூச்சு கைக்கு வந்தது, எடுத்து ஓடவிட்டாள்.

எழுந்திருக்கும்போது அவளுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இன்ன நேரத்தில் நூல் அறும் என்று மில்லில் யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொன்னதில்லை. அறுந்த பிறகு எடுத்தாள், அவ்வளவுதான். காத்துக்கொண்டு நின்றிருந்தால் கை நடுங்கி ஒரு முடிச்சும் விழுந்திருக்காது.

அடுத்த ஞாயிறு தவசிமுத்துவிடம் சொன்னாள்: “நான் வீட்டுக்கு வாரேன். ஆனா சங்கு ஊதப் போகுதுன்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லக் கூடாது. நீங்களும்தான்.”

அவன் முகம் சுருங்கிப்போனது. “நல்லதுக்குத்தானட்டி சொன்னோம்.”

“தெரியும். அதான் இம்புட்டு நாளும் வாயைத் திறக்கலை.”

புறப்படுகிற அன்று ஆயிஷா பீவி அவள் கையில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்தார். “பிள்ளைக்குக் குடு. போ, காத்துக்கிட்டிருக்கும்.” சண்முகத்தாயும், அடுத்த வாரமே வந்து பார்க்கப் போகிறவளைப் போலத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் மத்தியானம். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். மாரீஸ்வரி எதிரே கோடு கிழித்துப் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று தெருவில் பேச்சு நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். தங்கபாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தன் வாசலில் நின்றாள். பலசரக்குக் கடைக்காரர் கையில் எடைக்கல்லோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தவசிமுத்து கடிகாரத்தின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, அதன் முன்னால் காவல்காரனைப் போல நின்றான். யாரும் எதுவும் சொல்லவில்லை. தெரு மொத்தமும் மூச்சை அடக்கி அவளையே பார்த்தது. இதைவிடப் பெரிதாக யாரால் தண்டோரா போட முடியும்?

சண்முகத்தாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “ஏட்டி தங்கபாய்! மூச்சு முட்டிச் செத்துக்கித்துப் போயிராத!” என்று சொல்லி முடிப்பதற்குள் சங்கு ஊதியது.

பயம் வந்தது. வராமல் இல்லை. சுளகு கையில் ஆடி அரிசி சிதறியது, நாக்கில் புகை வாசம் வந்தது. மூச்சு அறுந்தது. எடுத்தாள். மறுபடி அறுந்தது. எடுத்தாள். சங்கு ஒரு மூச்சு ஊதிவிட்டு, எல்லா நாளும் நிற்கிற மாதிரி நின்றது. அவள் வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மாரீஸ்வரி நொண்டியடித்துக்கொண்டு கடைசிக் கட்டத்தைத் தாண்டினாள். “அம்மா, நான் ஜெயிச்சுட்டேன். பசிக்குது” என்றாள். அவள் சங்கைக் கவனிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு பயமே வரவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். மூன்று சங்கில் ஒரு சங்கு அவளை உலுக்கத்தான் செய்தது. ஆனால் அவள் தன் வீட்டில் இருந்துகொண்டே குலுங்கினாள். தினமும் சாயங்காலம் மகளின் தலையைப் பின்னினாள். இப்போது சீக்கிரமாகவே பின்னி முடித்தாள்.

வீட்டு வேலையில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு ஆயிஷா பீவியைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. கயிற்றுக் கடையில் வேறு யாரோ இருந்தார்கள். வகுப்பறையில் சோலைராஜ் சார் பாய்களை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அவிய மக நூர்னிசா வீட்டோட கடையநல்லூர் போயிட்டாகம்மா. கயித்துக்கடை பாய்க்கு உடம்பு முடியலை” என்றார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: “உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னாக. இப்ப சொன்னா என்ன. அவியளால வீட்டுல கண்ணை மூட முடியாது. குழாயில தண்ணி விழுந்தாக்கூட ஆத்துச் சத்தமாக் கேக்குமாம். இங்க வந்து உக்காந்தாத்தான் அந்த அரைமணி நேரம் அமைதி. நீங்க வாரதுக்கு முந்தி நல்லா உக்காந்தாக. ‘எம்வீட்டுக்காரி இப்பல்லாம் ராத்திரி நல்லாத் தூங்குறா சார்’னு பாய் வந்து எங்கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பொறவு நீங்க வந்தீக.”

சண்முகத்தாய் பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“நானும் சொல்லிப் பாத்தேன். வாசலை வேணா நான் பாத்துக்கிடுதேன்னு. ‘இல்ல சார், அது என் துப்பட்டியைத் தொட்டுக்கிட்டுத்தான் கண்ணை மூடுது. அதுக்குச் சின்னப் பிள்ளை இருக்கு, சீக்கிரம் வீடு போகணும். எனக்கு என்ன அவசரம்’னுட்டாக.”

பெரிய தர்மங்களுக்குக் கல்வெட்டு உண்டு. இந்த மாதிரிக் காரியங்களை ஆண்டவன் மட்டும்தான் கணக்கில் வைத்துக்கொள்கிறான் போலும். ஒரு வருஷத்துச் சாயங்காலங்களை ஒரு பெண் எடுத்து இன்னொரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறாள். வாங்கியவளுக்கு, வாங்கியதே தெரியவில்லை.

தவசிமுத்துவைக் கூட்டிக்கொண்டு சண்முகத்தாய் கடையநல்லூருக்குப் போய்த் தேடினாள். ஆயிஷா பீவி என்ற பேரில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். எல்லோரும் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அவள் தேடிய ஆள் அவர்களில் இல்லை. திரும்பும் பஸ்ஸில், வெள்ளைத் துப்பட்டி எங்கே தெரிந்தாலும் ஜன்னலில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்தப் பழக்கம் அதற்குப் பிறகும் அவளைவிட்டுப் போகவில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசியில் ஒரு ஞாயிறு. தவசிமுத்து காலை ஷிப்டுக்குப் போயிருந்தான். மாரீஸ்வரி தங்கபாயோடு சர்ச்சுக்குப் போயிருந்தாள். சண்முகத்தாய் கதவைச் சாத்திவிட்டு மேற்கே போகும் பஸ்ஸில் ஏறினாள். பஸ் நின்ற இடத்திலிருந்து மாந்தோப்புகளின் ஊடே நடந்து அய்யனார் கோவில் ஆற்றுக்குப் போனாள். சாமியைக் கும்பிட்டாள். பிறகு ஆற்றோரம், மேலே மலை முழுதும் தெரிகிற ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்தாள்.

கீழே நல்ல வெயில். பையன்கள் ஏழெட்டுப் பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, துணி துவைக்க வந்தீகளா? சோப்பைக் காணோம்?” என்று ஒருவன் கத்தினான்.

“ஏலே, சும்மா இருலே. அவிய உங்க அம்மா அனுப்புன சி.ஐ.டி.லே!” என்றான் இன்னொருவன்.

“குளிங்கலே, குளிங்க” என்றாள் சண்முகத்தாய்.

அவர்கள் முங்கினார்கள், ஒருவன் தலையை ஒருவன் அமுக்கினார்கள், தண்ணீரை வாரி இறைத்தார்கள். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனம் எங்கெங்கோ ஓடியது. எடுத்து மறுபடி மலைமேல் வைத்தாள். வெயில் ஏறி, கண் கூசியது. கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தாள். மத்தியானத்துக்கு மேல் ஒரு மேகம் வந்து உச்சியில் கறுத்து நின்றது. எழுந்து நின்றாள்.

“ஏலே, மேல கறுக்குது. ஏறுங்க.”

“இங்கன வெயில்தானக்கா அடிக்குது!”

“ஏறுங்கன்னா ஏறுங்கலே!”

அந்தக் குரலில் இருந்த எதுவோ அவர்களை ஏற வைத்தது. முணுமுணுத்துக்கொண்டே கரையேறி, தலையைத் துவட்டினார்கள். “ஒரு முங்கு, ஒரே ஒரு முங்கு” என்று கெஞ்சினவனையும் அவள் விடவில்லை. செத்த நேரத்தில் மேகம் காற்றில் நகர்ந்து அடுத்த மலைக்குப் போய்விட்டது. தண்ணீர் வரவில்லை.

“பாத்தீகளா, ஒரு பொட்டு மழை இல்லை. எங்க குளியலைக் கெடுத்துட்டீக” என்று கேலி செய்துகொண்டு பையன்கள் சட்டையை மாட்டினார்கள். ஒவ்வொருவராகப் பாதையில் இறங்கினார்கள். கடைசிப் பையன் ஈரத்துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

மாந்தோப்புக்குள் அவர்கள் சிரிப்புச் சத்தம் தேய்ந்து முழுதும் அடங்கும்வரை சண்முகத்தாய் நின்றிருந்தாள். பிறகு சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுப் பாறையைவிட்டு இறங்கினாள்.